ராம்நாடு – சென்னை வான்வழி தூரம் 640 கி.மீ.யா? நம்ம கரைக்கு எந்த ஏர்போர்ட், எத்தனை நிமிஷம்

பனைக்குளம்_பனை
தூரம் கணக்குப் போட்டுத் தர்ற ஒரு பக்கத்துல ஆர்எம்டி – எம்ஏஏ (சென்னை ஏர்போர்ட்) னு ரெண்டு கோட் போட்டா வான்வழி 640 கி.மீ.ன்னு வருது. ரோட்டுக் கணக்கே 550-ஐ ஒட்டித்தான். நேர்கோடு எப்படி ரோட்டை விட நீளும்? மதுரை – சென்னைக்கு ஒரு பக்கம் 418-ன்னும் இன்னொரு பக்கம் 226-ன்னும் போட்டிருக்கான். இதுல எது சரி? ஃப்ளைட் நேரமும் ஒருத்தன் 35 நிமிஷம்ங்கிறான், டிக்கெட்ல 1 மணி 25 நிமிஷம்னு இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வான்கணக்கு
640 எப்படி வந்ததுன்னு முதல்ல பாத்துடலாம். ஆர்எம்டிங்கிறது ராமநாதபுரம் *ரயில் நிலையத்தோட* கோட். விமானத்துறையில அதே மூணு எழுத்து தெலங்கானாவுல ராமகுண்டம் பக்கத்துல இருக்கிற பசந்த்நகர் விமானதளத்துக்குப் போயிடுச்சு. நீங்க கேட்டது ராமகுண்டம் – சென்னை. அதுக்கு 640 சரிதான்.

ரயில் கோட் வேற, விமானக் கோட் வேற. மதுரை ரயிலுக்கு எம்டியு, விமானத்துக்கு ஐஎக்ஸ்எம். எம்டியுன்னு விமானப் பக்கத்துல போட்டா பப்புவா நியூ கினியில மெண்டிங்கிற ஊருக்குப் போயிடும். திருச்சி ரயிலுக்கு டிபிஜே, அது விமானத்துல நேபாளத்து தாப்லேஜுங். திருச்சி ஏர்போர்ட் டிஆர்இசட். தலைகீழாவும் நடக்கும்: டிசிஆர்னா விமானத்துல தூத்துக்குடி, ரயில்ல திருச்சூர்.

ராமநாதபுரம் ஊரை வெச்சுப் பாத்தா சென்னை ஏர்போர்ட் வரைக்கும் நேர்கோடு 428 கி.மீ. ஆனா அந்தக் கோட்டுல பயணிகள் விமானம் எதுவும் இல்ல.

418, 226 ரெண்டுமே சரி. 418 கி.மீ., 226 நாட்டிக்கல் மைல். 1 நாட்டிக்கல் மைல் 1.852 கி.மீ. அலகு போடாம எண்ணை மட்டும் எடுத்து ஒட்டுறவங்களால வர்ற வினை.

சேதுக்கரை
உச்சிப்புளியில ரன்வே இருக்கே, அதையும் மேப்ல ஏர்போர்ட்னுதான் காட்டுது?

வான்கணக்கு
அது கடற்படையோட ஐஎன்எஸ் பருந்து, 2009-ல தொடங்கினது. ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும் அங்கேருந்து கடலோரக் கண்காணிப்புக்குப் போகுது. உடான் (சின்ன ஊர்களுக்கு விமானம் விடுற மத்திய அரசுத் திட்டம்) பட்டியல்ல ராமநாதபுரம் பேர் உண்டு. 2025–26 மாநில பட்ஜெட்ல ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம்னு அறிவிப்பும் வந்தது. பட்டியல்ல பேர் இருந்தா டிக்கெட் கிடைச்சிடாது. இன்னிக்கு ஏறணும்னா மதுரை, தூத்துக்குடி, திருச்சி, இந்த மூணுதான்.

பனைக்குளம்_பனை
கோட் விஷயம் புரிஞ்சது. அந்தப் பக்கத்தை நம்பாம நானே கணக்குப் போட முடியுமா?

வான்கணக்கு
தாராளமா. நம்ம தென் தமிழ்நாட்டு அளவுக்குப் பள்ளிக்கூடத்து பித்தாகரஸ் போதும். பூமி உருண்டைங்கிறதுக்காகப் பெரிய சூத்திரம் எடுத்தாலும் இந்தத் தூரத்துல அரை கிலோமீட்டர்கூட மாறாது.

மதுரை ஏர்போர்ட்: வடக்கு 9.8345, கிழக்கு 78.0934.
சென்னை ஏர்போர்ட்: வடக்கு 12.9941, கிழக்கு 80.1709.

வடக்கு-தெற்கு வித்தியாசம் 3.1596 டிகிரி. 1 டிகிரி 60 நாட்டிக்கல் மைல், அதனால 189.6.

கிழக்கு-மேற்கு வித்தியாசம் 2.0775 டிகிரி. இதை அப்படியே 60-ஆல பெருக்கக் கூடாது. துருவத்தைப் பாத்துப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கிட்டே வரும். அதனால ரெண்டு ஊருக்கும் நடு அட்சரேகை 11.41-க்கு கொசைன் எடுக்கணும், 0.980. 2.0775 × 0.980 × 60 = 122.2.

189.6-ஐயும் 122.2-ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தா 225.6 நாட்டிக்கல் மைல். 1.852-ஆல பெருக்கினா 418 கி.மீ.

ஒரு இடத்துல மட்டும் கால் வழுக்கும். சில பக்கங்கள்ல மதுரைக்கு 9°50′ னு இருக்கும். அது ஒன்பது டிகிரி, ஐம்பது *நிமிஷம்*. ஐம்பதை 60-ஆல வகுத்தாத்தான் 0.83 வரும். அதை 9.50-ன்னு அடிச்சா ஏர்போர்ட்டு 37 கி.மீ. தெற்கே நகர்ந்துடும், அருப்புக்கோட்டைப் பக்கம் போயி நிக்கும்.

மண்டபம்_மரக்கலம்
இங்க விசைப்படகு ஜிபிஎஸ் எல்லாமே டிகிரி, நிமிஷம், நிமிஷத்துக்குத் தசமம்னுதான் காட்டும். 9°50.07′ மாதிரி. போன்ல வர்றது முழுத் தசமம், 9.8345. ரெண்டும் ஒரே இடம்தான். படகுல இருந்து எடுத்த பாயிண்டை அப்படியே போன்ல அடிச்சா இடம் தப்பா விழும். கரையில இருக்கிறவங்களுக்கு நாட்டிக்கல் மைல் புதுசு இல்ல, இந்த நிமிஷ விவகாரம்தான் காலை வாரும். அட்சரேகையில 1 நிமிஷம் = 1 நாட்டிக்கல் மைல், அதை ஞாபகம் வெச்சா மீதி தானா வந்துடும்.

ஏடிஆர்_ரசிகன்
நேரத்துக்கு வருவோம். 35 நிமிஷம்னு சொல்றவர் 418-ஐ ஜெட் வேகத்தால வகுத்திருக்கார். மணிக்கு 830 கி.மீ.ன்னு வெச்சா 30 நிமிஷம், கொஞ்சம் சேத்து 35. ஆனா அந்த வேகத்தை விமானம் மேல போயி நின்னப்புறம்தான் பிடிக்கும். இவ்வளவு குட்டித் தூரத்துல மேல நிக்கிற நேரமே பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான். ஏறி முடிச்சதும் இறங்க ஆரம்பிச்சுடுவான்.

டிக்கெட்ல போட்டிருக்கிறது பறக்கிற நேரம் இல்ல, பிளாக் டைம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்கிறதுல இருந்து, இறங்கின ஊர்ல மறுபடி கட்டை வைக்கிற வரைக்கும். இன்ஜின் கிளப்புறது, ரன்வே முனை வரைக்கும் ஊர்ந்து போறது, முன்னாடி நிக்கிற வண்டிக்குக் காத்திருக்கிறது, இறங்கும்போது வேகத்தைக் குறைச்சு வளைஞ்சு வர்றது எல்லாம் இதுல அடங்கும். தூரம் 100 மைலா இருந்தாலும் 300 மைலா இருந்தாலும் இந்தச் செலவு மாறாது.

அதனால நான் போடுற கணக்கு இதுதான்:

ஏடிஆர் (ரெண்டு பக்கமும் விசிறி இருக்கிற டர்போபிராப்): நாட்டிக்கல் மைலை 4.5-ஆல வகுத்து, 33 கூட்டு.
ஏர்பஸ் 320 மாதிரி ஜெட்: 7-ஆல வகுத்து, 35 கூட்டு.

மதுரை – சென்னை ஏடிஆர்: 226 ÷ 4.5 = 50, கூட்டல் 33, ஆக 83 நிமிஷம். டிக்கெட்ல 1 மணி 25 நிமிஷம் போட்டிருக்கிறது இதனாலதான். ஜெட்னா 32 + 35 = 67.

தூத்துக்குடி – சென்னை 286 நாட்டிக்கல் மைல், 529 கி.மீ. ஏடிஆர்ல 64 + 33, கிட்டத்தட்ட 97 நிமிஷம்.

மதுரை – கொழும்பு 191 நாட்டிக்கல் மைல், 355 கி.மீ. ஜெட்ல 62 நிமிஷம்.

சூத்திரம் என் கைக்கணக்கு, எந்தக் கம்பெனியும் அச்சடிச்சது இல்ல. அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன இருக்கும்.

கீழக்கரை_காற்று
அப்ப ஜெட்டுக்கு ஏடிஆரைப் போல ஒன்றரை மடங்கு வேகம், நேரத்துல 16 நிமிஷம்தான் வித்தியாசமா?

ஏடிஆர்_ரசிகன்
ஆமா காக்கா. குட்டித் தூரத்துல நேரத்தைத் தின்னுறது தரைதான். ஏடிஆர்னா எழுபது எழுபத்தெட்டு சீட்டு நிரப்பினாலே ஓட்டலாம், டீசலும் குறைவு (பெட்ரோல் பங்க் டீசல் இல்ல, விமான எரிபொருளைத்தான் சொல்றேன்). சின்ன ஊர்களுக்கு இதை விடுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணு ரன்வே. தூத்துக்குடியில முன்னாடி 1,350 மீட்டர்தான். ஏடிஆர் 72 முழுப் பாரத்தோட கிளம்ப ஏறக்குறைய 1,300 மீட்டருக்கு மேல கேக்கும். அதுவும் கடல் மட்டத்துல, 15 டிகிரி வெயில்ல. நம்ம சித்திரை வெயில்ல காத்து அடர்த்தி குறையும், இறக்கை தூக்குறதும் குறையும், இன்னும் நீளம் வேணும். நீளம் இல்லைன்னா பாரத்தைக் குறைக்கணும்: ஆளையோ பெட்டியையோ. இப்ப 3,115 மீட்டரா நீட்டி, புது முனையம் 2025 ஜூலையில திறந்தாச்சு. ஜெட் இறங்க நீளம் தடையில்ல. மதுரையில 2,285 மீட்டர், திருச்சியில 2,480.

சேதுக்கரை
ஒரே ஃப்ளைட், ஒரே விமானம், ஒரு நாள் 10 நிமிஷம் முன்னாடி இறங்குது, இன்னொரு நாள் தாமதம். காத்தா?

வான்கணக்கு
காத்துதான். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி எதிர்க்காத்துல தள்ளாடுறது இல்ல. ஏடிஆருக்கு 20 நாட் (மணிக்கு 20 நாட்டிக்கல் மைல்) எதிர்க்காத்து அடிச்சாலும் மதுரை – சென்னைக்கு 4 நிமிஷம்தான் கூடும். எந்த முனையில இறங்குறதுங்கிறதுதான் பெரிய விஷயம். விமானம் காத்தை முகத்துல வாங்கித்தான் இறங்கணும்.

சென்னையில பெரிய ரன்வே 07/25, முனைக்கு ஒரு எண். வாடைக்காத்து அடிக்கிற ஐப்பசி கார்த்திகையில, இல்ல மத்தியானம் கடல்காத்து வந்தப்புறம், 07 முனை. மேற்கே இருந்து கிழக்கே பாத்து இறங்குவான். தென்மேற்கு மூலையில இருந்து வர்ற மதுரை விமானத்துக்கு இது வசதி, நேரா வந்து சேந்துக்கலாம். ஆடிக்காத்து மேற்கே இருந்து அடிச்சா 25 முனை. விமானம் ஊரைத் தாண்டிக் கடலுக்குள்ள போயி, திரும்பி, கடல்ல இருந்து உள்ள வரணும். இதுல மட்டும் பத்து நிமிஷம் போகும். அப்ப வரிசையில நாலு வண்டி இருந்தா இன்னும் கூடும். கம்பெனிக்காரன் இதையெல்லாம் மனசுல வெச்சுத்தான் டிக்கெட்ல கொஞ்சம் தாராளமாப் போடுவான். எல்லாம் கூடி வந்தா பத்து நிமிஷம் முன்னாடி இறங்கினோம்னு அறிவிப்பான், அவ்வளவுதான்.

தொண்டித்துறை
யாழ்ப்பாணத்தை யாரும் தொடலையே. தொண்டியில நின்னா கண்ணுக்கு எதிரதான் அந்தக் கரை. மதுரையில இருந்து பலாலிக்கு (யாழ்ப்பாணத்து ஏர்போர்ட்) கணக்கு என்ன?

வான்கணக்கு
இது அழகான கணக்கு. மதுரை 9.8345, பலாலி 9.7923. அட்சரேகை கிட்டத்தட்ட ஒண்ணே. வடக்கு-தெற்குல வெறும் 2.5 நாட்டிக்கல் மைல் வித்தியாசம், மீதி முழுக்கக் கிழக்கு. 117 நாட்டிக்கல் மைல், 217 கி.மீ. கோடு போட்டா தொண்டிக்குச் சற்று வடக்கே கடல்ல இறங்கி, பாக் நீரிணையைத் தாண்டி நேரா போயி முட்டும். ஏடிஆர்ல 59 நிமிஷம். இது கோட்டுக் கணக்கு மட்டும்.

ஓடுற வழிகள் ரெண்டு. சென்னை – பலாலி 192 நாட்டிக்கல் மைல், 356 கி.மீ., ஏடிஆர்ல 76 நிமிஷம். இந்தக் கோடு பெரும்பாலும் கடல் மேல போகும், கோடியக்கரைக்குக் கிழக்கே இருபத்தைஞ்சு கி.மீ. தள்ளி. திருச்சி – பலாலி 99 நாட்டிக்கல் மைல், 184 கி.மீ., 55 நிமிஷம். இது மல்லிப்பட்டினம் அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டும். திருச்சி சேவை 2025 மார்ச் கடைசியில தொடங்கினது. அட்டவணை அடிக்கடி மாறும், கிளம்புற வாரத்துல ஒரு தடவை பாத்துடுங்க.

பலாலி சர்வதேச விமான நிலையமா 2019 அக்டோபர்ல திறந்தது. ரெண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒண்ணுதான், அதனால டிக்கெட் நேரத்தைக் கழிச்சா வர்றது நிஜமான பிளாக் டைம்.

இதுல ஒரு வேடிக்கை. ராமேஸ்வரத்துல இருந்து பலாலி நேர்கோட்டுல 100 கி.மீ. அதே ராமேஸ்வரத்துல இருந்து மதுரை ஏர்போர்ட் 147. வெளிநாட்டு ஏர்போர்ட்டு கிட்ட, சொந்த ஏர்போர்ட்டு தூரம்.

தொண்டித்துறை
தொண்டியில இருந்து திருச்சி போறது எப்படி? ஊருக்குள்ள மாட்டிக்காம?

மண்டபம்_மரக்கலம்
தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை. திருச்சி ஏர்போர்ட்டு புதுக்கோட்டை ரோட்டுலயே இருக்கு, ஊருக்குத் தெற்கே. திருச்சி நெரிசலைத் தொடவே வேண்டாம். ரெண்டரை மணி நேரம் வெச்சுக்கிட்டா போதும். தொண்டி, திருவாடானை, எஸ்.பி.பட்டினம் ஆளுங்களுக்கு மதுரையை விட இதுதான் நிம்மதி. வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு கவுன்ட்டர் முன்னாடியே மூடிடும், பொதுவா கிளம்புறதுக்கு 75 நிமிஷம் முன்ன. உள்நாட்டுக்கு 60. டிக்கெட்ல போட்டிருக்கிறதைப் பாருங்க, அதுதான் செல்லும்.

கீழக்கரை_காற்று
ராம்நாடு – மதுரை ஏர்போர்ட் பாதையையும் எழுதி வெச்சுடலாம், நிறைய பேர் கேக்குறாங்க.

ராம்நாடு ஊர்ல இருந்து ஏறக்குறைய 115–120 கி.மீ. பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம், சிலைமான், விரகனூர் ரவுண்டானா. அங்க நேரா ஊருக்குள்ள போயிடாதீங்க. இடது கைப் பக்கம் ரிங் ரோடு பிடிச்சு சிந்தாமணி, அவனியாபுரம் ஓரமா மண்டேலா நகர், அங்கிருந்து ஏர்போர்ட். ஊருக்குள்ள போயி தெப்பக்குளத்துல மாட்டினா முக்கால் மணி நேரம் காலி.

பரமக்குடி வரைக்கும் ரெண்டு வழிச் சாலை, அங்கிருந்துதான் நாலு வழி. பரமக்குடி – ராமநாதபுரம் 46.7 கி.மீ. நாலு வழியாக்க 2025 ஜூலையில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. அந்த வேலை முடியிற வரைக்கும் ஒரு லாரிக்குப் பின்னாடி மாட்டினா 40-லதான் போகணும். சாதாரண நாள்ல ரெண்டேகால் மணி, நான் ரெண்டே முக்கால்னு வெச்சுத்தான் சொல்லுவேன்.

ராமேஸ்வரம்னா இன்னும் 55 கி.மீ. சேத்துக்கங்க. பாம்பன் ரோட்டுப் பாலத்துல வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்கிற கூட்டம் ஞாயித்துக்கிழமை தீராது. ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்னிக்கு ராமேஸ்வரத்துல இருந்து காலை ஃப்ளைட் பிடிக்கணும்னா முதல் நாளே மதுரை போயிடறது உத்தமம்.

தேதி பாத்து டிக்கெட் போடுங்க. செப்டம்பர் 11 பரமக்குடி நிகழ்ச்சி (இமானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 28-ல இருந்து 30 வரை பசும்பொன் (தேவர் குருபூஜை). இந்த நாட்கள்ல போலீஸ் போக்குவரத்தை மாத்தி விடும், வாடகை வண்டிக்காரரும் வரத் தயங்குவார். அன்னிக்கு ரயில்தான்.

வாகைக்குளம்_வழி
கீழக்கரைக்கு மேற்கே இருக்கிறவங்க மதுரையை விட்டுட்டுத் தூத்துக்குடியைப் பாக்கலாம். ஏர்வாடி, வாலிநோக்கம் விலக்கு, சாயல்குடி, வேம்பார், குளத்தூர்னு கிழக்குக் கடற்கரைச் சாலை. கீழக்கரையில இருந்து ஏர்போர்ட்டு இருக்கிற வாகைக்குளம் ஏறக்குறைய 120 கி.மீ. வரும். ஏர்போர்ட்டு தூத்துக்குடி ஊருக்குள்ள இல்ல, மேற்கே திருநெல்வேலி ரோட்டுல. துறைமுகத்துப் பக்கம் திரும்பிட்டா கன்டெய்னர் லாரி வரிசையில நிக்கணும். வண்டிக்காரர்கிட்ட "வாகைக்குளம்"னு சொல்லுங்க, "தூத்துக்குடி"ன்னு மட்டும் சொன்னா பஸ் ஸ்டாண்டுல கொண்டு போயி விடுவார்.

ராத்திரி இந்த ரோட்டுல 60-க்கு மேல போகாதீங்க. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைச்சு வளைவுல எதிர் வண்டி தெரியாது. ஆடு மாடு ரோட்டுச் சூட்டுக்காகத் தார்லயே படுத்திருக்கும். ஊருக்கு ஊர் வேகத்தடை வேற, பாதிக்கு மேல வெள்ளைக் கோடு அழிஞ்சு போச்சு.

சாயல்குடிக்காரங்களுக்கு யோசனையே வேண்டாம், தூத்துக்குடிதான்.

சேதுக்கரை
ஃப்ளைட்ல 83 நிமிஷம், சரி. வீட்டு வாசல்ல இருந்து சென்னையில வெளிய வர்ற வரைக்கும்?

ஏடிஆர்_ரசிகன்
ராம்நாடு வழியாப் போட்டுப் பாப்போம். ரோடு 2 மணி 45 நிமிஷம். கவுன்ட்டர், சோதனை, காத்திருப்பு 1 மணி 30 நிமிஷம். பறக்கிறது 1 மணி 25 நிமிஷம். இறங்கி, பெட்டி எடுத்து, வாசலுக்கு வர 40 நிமிஷம். மொத்தம் 6 மணி 20 நிமிஷம். வானத்துல 428 கி.மீ. நேர்கோடு, ஆனா உங்க நேரத்துல கால்வாசிக்கும் குறைவாத்தான் விமானத்துல போகுது. ராத்திரி ரயில்ல 10–11 மணி நேரம், ஆனா அதுல தூங்கிடலாம். பகல்ல வேலை இருந்தா விமானம், காலையில சென்னையில நிக்கணும்னா ரயில். காசு வித்தியாசம் நான் சொல்ல வேண்டியதில்ல.

அப்புறம் உச்சிப்புளியில இருந்து ஏடிஆர் விட்டா என்ன ஆகும்னு போட்டுப் பாத்தேன். சென்னைக்கு 231 நாட்டிக்கல் மைல், 84 நிமிஷம். மதுரை ஃப்ளைட்டும் இதே நேரம்தான். மிச்சமாகிறது முழுக்க ரோட்டு நேரம்.

பனைக்குளம்_பனை
எல்லாருக்கும் நன்றி. வான்கணக்கு சொன்ன மாதிரி நானே போட்டுப் பாத்தேன். மதுரை – சென்னைக்கு 418 வரல, 363 வருது. மூணு தடவை போட்டுட்டேன். 189.6 சரியா வருது, இன்னொண்ணுதான் 122-க்கு பதிலா 50 வருது.

வான்கணக்கு
50.2-ஆ? அப்படின்னா உங்க கால்குலேட்டர் ரேடியன்ல இருக்கு. 11.41-ஐ டிகிரியா எடுக்காம ரேடியனா எடுத்து கொசைன் 0.403-ன்னு கொடுக்குது. போன் கால்குலேட்டரைப் படுக்க வெச்சா "ரேட்" (ரேடியன்), "டெக்" (டிகிரி) னு ஒரு பட்டன் இருக்கும், அதை டெக்-ல போடுங்க. எக்செல்லா இருந்தா பட்டன் கிடையாது, அது எப்பவும் ரேடியன்தான். கொசைன் போடுறதுக்கு முன்னாடி 11.41-ஐ 3.1416-ஆல பெருக்கி 180-ஆல வகுத்துடுங்க. 0.980 வந்தா சரி.

பனைக்குளம்_பனை
வந்துடுச்சு. 417.8.